அர்ரேயா, ட்ரீயா: வரிசையாக வைத்திருக்கும் டேட்டாவில் எது வேகம்?

ஒரு கிளினிக்குக்கு அப்பாயின்ட்மென்ட் ப்ரோகிராம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "5:40 மணிக்கு யாராவது பதிந்திருக்கிறார்களா?" என்ற கேள்விக்கு ஹேஷ் டேபிள் போதும். பைத்தானில் டிக்‌ஷனரி, ஜாவாவில் ஹேஷ்மேப், கேட்ட மாத்திரத்தில் பதில் வந்துவிடும். ஆனால் "5:40க்குப் பிறகு அடுத்து வருகிறவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள், அதே ஹேஷ் டேபிள் திருதிருவென்று முழிக்கும். அதற்குள் கீகள், அதாவது தேடப் பயன்படும் மதிப்புகள், எந்த ஒழுங்கிலும் இல்லை, அதனால் மொத்தத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. "4 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில் எத்தனை பேர்?", "இருப்பதில் மிகச் சிறியது எது?", "இதற்கு முந்தையது எது?" மாதிரியான கேள்விகள் அடிக்கடி வருமென்றால் டேட்டாவை எப்போதும் வரிசை குலையாமல் வைத்திருக்கும் அமைப்பு ஒன்று வேண்டும். அப்படிப்பட்டவை நான்கைந்து இருக்கின்றன, அவற்றில் எது வேகம் என்று பார்ப்போம்.

அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பைத்தான் 3.7 முதல் டிக்‌ஷனரியும் வரிசையைக் காப்பாற்றுகிறதே என்று பலர் கேட்பதுண்டு. காப்பாற்றுகிறதுதான், ஆனால் அது நீங்கள் போட்ட வரிசை. 9, 2, 5 என்று போட்டால் 9, 2, 5 என்றுதான் திரும்ப வரும். ஜாவாவின் லிங்க்டு ஹேஷ்மேப்பும் ஜாவாஸ்கிரிப்டின் மேப்பும் இதே ரகம். இந்தக் கட்டுரையில் வரிசை என்று சொல்வதெல்லாம் சிறியதிலிருந்து பெரியது என்ற வரிசையை.

சரி, பாடப்புத்தகம் என்ன சொல்கிறது? வரிசைப்படுத்திய அர்ரேயில் தேடுவது லாக் என், பேலன்ஸ்டு ட்ரீயில் தேடுவதும் லாக் என், பி-ட்ரீயிலும் லாக் என், ஸ்கிப் லிஸ்ட்டிலும் சராசரியாக லாக் என். இன்டர்வியூவுக்கு இதை மனப்பாடம் செய்துகொண்டு போகலாம், தப்பில்லை. ஆனால் எது வேகம் என்ற கேள்விக்கு இது பதில் ஆகாது, ஏனென்றால் நான்கும் ஒரே விடைதான்! நிஜத்தில் ஓடவிட்டால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பல மடங்கு வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

லாக் என் (log n) என்றால் பெரிய கணிதமெல்லாம் இல்லை, என் என்பது டேட்டாவின் மொத்த எண்ணிக்கை. ஒவ்வொரு அடியிலும் பாதியைக் கழித்துக்கொண்டே வந்தால் எத்தனை அடியில் ஒன்றே ஒன்று மிஞ்சும், அவ்வளவுதான். 10 லட்சத்தைப் பாதி பாதியாக வெட்டினால் சுமார் 20 தடவையில் முடிந்துவிடும். ஒரு கோடி என்றால் 24. நூறு கோடி என்றால் 30. டேட்டா ஆயிரம் மடங்கு பெருகினாலும் கூடுதலாக 10 அடிதான், அதனால்தான் எல்லோரும் லாக் என் என்றதும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள்.

முதலில் எல்லாவற்றிலும் எளியதை எடுத்துக்கொள்வோம். ஒரு அர்ரே, அதாவது மெமரியில் இடைவெளியின்றி அடுத்தடுத்து இருக்கும் இடங்கள், அதில் எண்கள் ஏறுவரிசையில். தேட பைனரி சர்ச்: நடுவில் பார், தேடுவது அதைவிடச் சிறியதா, இடது பாதிக்குப் போ, பெரியதா, வலது பாதிக்குப் போ. அடுத்தது எது என்றால் பக்கத்து இடம். இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை என்றால் தொடக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டு நேராக நடந்துகொண்டே போகலாம். படிப்பதற்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது.

வில்லங்கம் நடுவில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது வருகிறது. பஸ்ஸில் நீளமான கடைசி சீட்டில் நடுவே ஒருவர் உட்கார வேண்டுமென்றால் ஒரு பக்கம் இருப்பவர்கள் அத்தனை பேரும் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று நகர வேண்டியிருக்கிறதல்லவா, அதே கதை. நீக்கும்போதும் அப்படித்தான், எதிர்த் திசையில் நகர வேண்டும். இது எவ்வளவு செலவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 8 பைட் எண்கள் 10 லட்சத்தை, தாறுமாறான வரிசையில் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறோம். வளர்ந்துகொண்டே போகும் அர்ரேயின் சராசரி அளவு 5 லட்சம் எண்கள், அதாவது 4 எம்பி. ஒவ்வொரு தடவையும் சராசரியாக அதில் பாதி, 2 எம்பி, நகர வேண்டும். இதை 10 லட்சத்தால் பெருக்கினால் 2 டெராபைட்! மெமரியில் செகண்டுக்கு 10 ஜிபி வேகத்தில் நகர்த்த முடிகிறது என்று வைத்தாலும் 200 செகண்டு, மூன்று நிமிடத்துக்கும் மேல். அதே 10 லட்சத்தையும் கண்டபடி அர்ரேயின் கடைசியில் போட்டுக்கொண்டே வந்து எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு தடவை வரிசைப்படுத்தினால், சி++ போன்ற மொழிகளில் ஒரு செகண்டுக்குள் வேலை முடிந்துவிடும்.

ஆக, டேட்டாவை ஒருமுறை ஏற்றிவிட்டு அப்புறம் படிப்பது மட்டும்தான் வேலை என்றால் வேறெதையும் யோசிக்காதீர்கள். வரிசைப்படுத்திய அர்ரே, பைனரி சர்ச், முடிந்தது. பின்கோடு பட்டியல், வரி விகித அடுக்குகள், வருடத்துக்கு ஒருமுறை மாறும் விலைப்பட்டியல் எல்லாம் இந்த ரகம்தான். இதற்கெல்லாம் ட்ரீ எழுதிக்கொண்டு உட்காருவது வீண் வேலை.

லிங்க்டு லிஸ்ட்டை, அதாவது ஒவ்வொன்றும் அடுத்தது மெமரியில் எங்கே என்ற முகவரியை (பாயிண்டர்) வைத்திருக்கும் சங்கிலியை, வரிசையாக வைத்திருந்தால் என்ன என்று கேட்கலாம். நகர்த்த வேண்டாம், இரண்டு பாயிண்டரை மாற்றினால் சேர்த்தாயிற்று. ஆனால் எங்கே சேர்ப்பது என்று தெரிய முதலிலிருந்து ஒவ்வொன்றாக நடக்க வேண்டும், நடுவுக்குத் தாவ வழியே இல்லை. அர்ரேயின் நல்ல குணமும் இல்லை, ட்ரீயின் நல்ல குணமும் இல்லை. விட்டுத் தள்ளுங்கள்.

அடுத்து ட்ரீ. மேலிருந்து கீழே கிளை கிளையாகப் பிரியும் அமைப்பு, கிளை பிரியும் ஒவ்வொரு இடமும் ஒரு நோடு. ஒவ்வொரு நோடிலும் ஒரு கீ, அதைவிடச் சிறியதெல்லாம் இடது பக்கம், பெரியதெல்லாம் வலது பக்கம். பைனரி சர்ச்சையே பாயிண்டர்களால் கட்டி வைத்தது போல. சேர்க்கும்போது எதையும் நகர்த்த வேண்டியதில்லை, சரியான இடம் வரை இறங்கிப் போய் ஒரு நோடைத் தொங்கவிட்டால் போதும். ஆனால் 1, 2, 3, 4 என்று ஏற்கெனவே வரிசையாக இருப்பதைக் கொடுத்தால் எல்லாமே வலது பக்கமாகவே தொங்கி, ட்ரீ ஒரு லிங்க்டு லிஸ்ட்டாகவே ஆகிவிடும். இதைத் தடுக்க 1962இல் சோவியத் கணிதவியலாளர்கள் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் ஒரு வழி சொன்னார்கள். எந்த நோடை எடுத்தாலும் அதன் இடது, வலது பக்க உயரங்களுக்குள் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது, வந்தால் நோடுகளைச் சுழற்றிச் சரிசெய்ய வேண்டும். அதுதான் ஏவிஎல் ட்ரீ. பிறகு 1970களில் ரெட்-பிளாக் ட்ரீ வந்தது. அது இவ்வளவு கறாராக இருக்காது, கொஞ்சம் சாய்ந்தால் பரவாயில்லை என்று விட்டுவிடும். 10 லட்சம் கீகளுக்கு ஏவிஎல் ட்ரீயின் உயரம் மோசமான நிலையிலும் 30ஐத் தாண்டாது, ரெட்-பிளாக் 40 வரை போகலாம். ஆனால் தாறுமாறாக வரும் டேட்டாவில் இரண்டுமே 20ஐ ஒட்டித்தான் நிற்கும். ஜாவாவின் ட்ரீமேப் ரெட்-பிளாக்தான். சி++ மொழியின் மேப், செட் இரண்டையும் புழக்கத்தில் இருக்கும் முக்கிய லைப்ரரிகள் எல்லாம் ரெட்-பிளாக்கில்தான் எழுதியிருக்கின்றன. தேடுவது, சேர்ப்பது, நீக்குவது மூன்றும் லாக் என். தாளில் பார்த்தால் அர்ரேயைவிட எல்லா விதத்திலும் மேல்.

தாளில் இல்லாதது ஒன்று இருக்கிறது, மெமரி.

பிக் ஓ கணக்கு, அதாவது இந்த லாக் என் மாதிரியான கணக்கு, ஒவ்வொரு அடிக்கும் ஒரே செலவு என்று நினைத்துக்கொள்கிறது. நிஜத்தில் அப்படி இல்லை. பிராசசருக்கு மிக அருகில் இருக்கும் கேஷ் என்ற குட்டி மெமரியில் டேட்டா இருந்தால் சுமார் 1 நானோ செகண்டில் கைக்கு வந்துவிடும். அங்கே இல்லாமல் ரேம் வரை போக வேண்டியிருந்தால் சுமார் 100 நானோ செகண்டு. அதே ஒரு அடிக்கு 100 மடங்கு விலை! அதுவும் போய் எடுக்கும்போது நீங்கள் கேட்ட 8 பைட்டை மட்டும் எடுத்து வராது, அதைச் சுற்றியுள்ள 64 பைட்டையும் சேர்த்துத்தான் தூக்கி வரும் (வழக்கமான இன்டெல், ஏஎம்டி பிராசசர்களில் இந்த அளவு). அர்ரேயில் அந்த 64 பைட்டில் எட்டு எண்கள் இருக்கும், பக்கத்து ஏழும் இலவசம். வரிசையாக நடந்தால் நீங்கள் அடுத்து எதைக் கேட்கப் போகிறீர்கள் என்று பிராசசரே ஊகித்து முன்கூட்டியே எடுத்து வைத்துவிடும்.

ட்ரீயில் என்ன ஆகிறது? ஒரு 8 பைட் எண்ணுக்காக இடது பாயிண்டர், வலது பாயிண்டர், தாய் நோடுக்கு ஒரு பாயிண்டர், சிவப்பா கருப்பா என்று ஒரு குறிப்பு, எல்லாம் சேர்த்து 40 பைட், மெமரி ஒதுக்கும் நிரல் தன் கணக்குக்கு எடுத்துக்கொள்வதோடு 48 பைட். இது 64 பிட் லினக்ஸில் சி++ செட்டின் கணக்கு. 10 லட்சம் எண்களுக்கு அர்ரே 8 எம்பி, ட்ரீ 48 எம்பி. தவிர அந்த நோடுகள் மெமரியில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கின்றன. மேல் அடுக்குகளில் நோடுகள் குறைவு, அடிக்கடி தொடுவதால் அவை கேஷிலேயே கிடக்கும். முதல் 15 அடுக்குகளுக்கு மொத்தமே சுமார் ஒன்றரை எம்பிதான். கீழே இருக்கும் கடைசி ஐந்தாறு அடுக்குகளில்தான் ஒவ்வொரு அடியும் ரேம் பயணமாக மாறக்கூடும். இருபது அடியில் முக்கால்வாசி அடிகள் சும்மா, மீதி கால்வாசிதான் மொத்த நேரத்தையும் தின்கிறது.

இதையே திருப்பிப் பாருங்கள். 1000 எண்கள் உள்ள சின்ன அர்ரே வெறும் 8 கேபி, முழுதாகக் கேஷில் அடங்கிவிடும். நடுவில் ஒன்றைச் சேர்க்க 500 எண்களை நகர்த்த வேண்டும், அதாவது 4 கேபி, ஒரே மூச்சில் பெரிய பெரிய துண்டுகளாக நகரும் அது. ரேமுக்கு ஒரு தடவை போய்வரும் நேரத்தில் அந்த 500ஐயும் நகர்த்தி முடித்துவிடலாம்! அதனால்தான் டேட்டா சின்னதாக இருக்கும்வரை, பாடப்புத்தகத்தில் தோற்கிற அர்ரே நிஜத்தில் ட்ரீயை ஜெயித்துவிடுகிறது. எந்த அளவு வரை என்றால் கீயின் அளவு, மெஷின், சேர்ப்பதும் தேடுவதும் எந்த விகிதத்தில் நடக்கின்றன என்று பலதைப் பொறுத்தது. சில ஆயிரம் வரை அர்ரேயை முதலில் போட்டுப் பாருங்கள் என்பது என் கட்சி. இப்படி வெளியே மேப் மாதிரியும் உள்ளே வரிசைப்படுத்திய அர்ரேயாகவும் இருக்கும் ஃபிளாட் மேப் என்ற ஒன்றை சி++23 தரநிலையிலேயே சேர்த்துவிட்டார்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டா? உண்டு, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஒரு நோடில் ஒரே ஒரு கீயை வைக்காமல் பத்து, நூறு என்று ஒரு குட்டி அர்ரேயையே வைத்துவிட்டால்? ஒரு தடவை ரேமுக்குப் போனால் பல கீகளை ஒப்பிடலாம், ட்ரீயின் உயரமும் படுத்துவிடும், நகர்த்துவதும் அந்தக் குட்டி அர்ரேக்குள் மட்டும்தான். இதுதான் பி-ட்ரீ. போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்த பேயரும் மெக்ரைட்டும் 1970 வாக்கில் டிஸ்க்கை மனதில் வைத்து உருவாக்கியது. டிஸ்க்கில் ஒரு தடவை படிப்பது அவ்வளவு மெதுவாக இருந்ததால், போனது போனோம், ஒரே நடையில் நிறைய அள்ளி வருவோம் என்ற எண்ணம். இன்றைக்கும் போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் போன்ற டேட்டாபேஸ்களில் தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் என்றால் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். அன்றைய டிஸ்க்குக்கு இருந்த நியாயம் இன்று ரேமுக்கும் பொருந்தி வந்துவிட்டது, பிராசசர் அவ்வளவு வேகமாகப் போய்விட்டதால். ரஸ்ட் மொழியின் ஸ்டாண்டர்டு லைப்ரரியில் வரிசையான மேப் என்றால் பிட்ரீமேப் ஒன்றுதான், அதில் ஒரு நோடுக்கு அதிகபட்சம் 11 கீகள். அந்தப் பதினொன்றுக்குள் பைனரி சர்ச்கூடச் செய்வதில்லை, முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகிறது, அவ்வளவு சின்ன இடத்தில் அதுவே வேகம் என்பதால். 10 லட்சம் கீகளுக்கு இருபது அடுக்கு இறங்குவதற்குப் பதில் ஆறேழு அடுக்கு. லினக்ஸ் கெர்னலில்கூட ஒவ்வொரு ப்ராசஸின் மெமரிப் பகுதிகளையும் கண்காணிக்க வருடக்கணக்காக இருந்த ரெட்-பிளாக் ட்ரீயை எடுத்துவிட்டு, 2022இல் வந்த 6.1 பதிப்பில் மேப்பிள் ட்ரீ என்ற பி-ட்ரீ வகையைப் போட்டார்கள்.

ஸ்கிப் லிஸ்ட்டை ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். வில்லியம் பியூ 1990இல் வெளியிட்டது. வரிசையான லிங்க்டு லிஸ்ட்டின் மேல் சில நோடுகளை மட்டும் தொட்டுச் செல்லும் விரைவுப் பாதைகளைப் போடுவது, எந்த நோடு மேல் பாதையில் ஏறும் என்பதை நாணயம் சுண்டுவது போல் குருட்டாம்போக்கில் முடிவு செய்வது. தனியாக ஓடும் ப்ரோகிராமில் வேகத்துக்காக இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன், இதுவும் பாயிண்டர் பின்னால் ஓடுவதுதானே. இதன் பலம் எழுத எளிது என்பதும், பல த்ரெட்கள் (ஒரே ப்ரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் கை வைத்தாலும் சமாளிப்பது சுலபம் என்பதும். ஜாவாவில் பல த்ரெட்களுக்கான வரிசை மேப் ஸ்கிப் லிஸ்ட்டாகத்தான் இருக்கிறது. ரெடிஸ் என்ற டேட்டாபேஸின் சார்ட்டட் செட்டும் இதை வைத்துத்தான், கூடவே ஒரு ஹேஷ் டேபிளோடு. ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை: செட்டில் 128 உறுப்புகள் வரை, அவையும் சின்னதாக இருந்தால், ஸ்கிப் லிஸ்ட்டே கிடையாது. எல்லாவற்றையும் ஒரே துண்டு மெமரியில் நெருக்கி அடுக்கி வைத்துவிட்டு முதலிலிருந்து தேடிக்கொண்டு போகும் (128 என்பது ஆரம்ப அமைப்பு, மாற்றிக்கொள்ளலாம்).

எப்போதும் மிகச் சிறியதை மட்டும் எடுத்துக்கொண்டே இருப்பதுதான் உங்கள் வேலையா, நடுவில் இருப்பதைப் பற்றிக் கவலையே இல்லையா? அப்படியென்றால் முழு வரிசைக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும், மிகச் சிறியதை மட்டும் உச்சியில் வைத்திருக்கும் ஹீப் போதும். பைத்தானில் ஹீப்க்யூ, ஜாவாவில் பிரையாரிட்டி க்யூ.

லைப்ரரியைப் பயன்படுத்தும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. பைத்தானின் பைசெக்ட் மாட்யூலில், வரிசை குலையாமல் லிஸ்ட்டில் ஒன்றைச் சேர்க்க இன்சார்ட் என்று ஒன்று இருக்கிறது. பைனரி சர்ச் என்று பெயர் வந்துவிட்டதால் இதுவும் லாக் என் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் லாக் என், அதன்பின் லிஸ்ட்டுக்குள் நகர்த்துவது அப்படியே இருக்கிறது. பைத்தானின் ஸ்டாண்டர்டு லைப்ரரியில் வரிசையான மேப்பே கிடையாது. வேண்டுமென்றால் சார்ட்டட் கன்டெய்னர்ஸ் என்ற வெளி லைப்ரரி, அதுவும் உள்ளே ட்ரீ இல்லை, ஆயிரம் எண்ணிக்கை வாக்கிலான பல லிஸ்ட்களை அடுக்கி வைத்திருக்கிறது. பி-ட்ரீயின் அதே எண்ணம்தான், இரண்டே அடுக்கில். இரண்டாவது, சி++ செட்டில் தேட, கொடுத்த மதிப்புக்குக் குறையாத முதல் உறுப்பைக் கண்டுபிடிக்கும் பொதுவான லோயர் பவுண்ட் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது, விடையும் சரியாகவே வரும். ஆனால் அது ட்ரீ என்பது அந்த ஃபங்ஷனுக்குத் தெரியாது, நடுவுக்குத் தாவ முடியாமல் நோடு நோடாக நடந்துகொண்டிருக்கும். செட்டுக்குள்ளேயே இருக்கும் லோயர் பவுண்டைக் கூப்பிட வேண்டும். பெயர் ஒன்றே, வேகம் வேறு.

கடைசியாக, நீங்களே அளந்து பார்க்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து பாருங்கள், சில விஷயங்களில் உஷாராக இருங்கள். 1 முதல் 10 லட்சம் வரை வரிசையாகச் சேர்த்து அளக்காதீர்கள். அர்ரேயில் ஒவ்வொன்றும் கடைசியில்தான் போய் உட்காரும், எதுவும் நகராது, அர்ரே பிரமாதம் என்று தோன்றும். ட்ரீக்கும் அதே சலுகை கிடைக்கும், இப்போதுதான் தொடங்கிய ப்ரோகிராமில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்ட நோடுகள் மெமரியில் அடுத்தடுத்தே கிடைத்துவிடும், வரிசையாக நடந்தால் அர்ரேபோலவே ஓடும். மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் அந்த நோடுகள் அப்படி ஒழுங்காக இருக்காது. எனவே கீகளைக் கலைத்துவிட்டுச் சேருங்கள், தேடும்போது வேறொரு கலைந்த வரிசையில் தேடுங்கள். ஒரே அளவில் அளந்து முடிவுக்கு வராமல் 100, 10 ஆயிரம், 10 லட்சம் என்று ஏற்றிக்கொண்டே போங்கள், எங்கே ஒன்று மற்றதை முந்துகிறது என்பது அப்போதுதான் தெரியும். சி++ என்றால் ஆப்டிமைசேஷனை ஆன் செய்து கம்பைல் செய்யுங்கள், தேடிக் கிடைத்த விடைகளை எல்லாம் கூட்டி ஒரு தடவை பிரின்ட் செய்தும் விடுங்கள். விடையை யாருமே பயன்படுத்தவில்லை என்று தெரிந்தால் கம்பைலர் தேடலையே மொத்தமாகத் தூக்கிவிடும், நீங்களும் பூஜ்யம் நானோ செகண்டில் தேடும் அற்புத ட்ரீ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள்.